டாக்டர் சொல்லல, எனக்கே தெரியுது: ஆட்டிசம் பத்தி வந்த கடுதாசிங்க

போன இதழ்ல ஒரு அம்மாவுக்கு அவங்க பையனோட ஸ்பீச் தெரபி பத்தி பதில் எழுதியிருந்தேன்ல, அதுல போற போக்குல "ஆட்டிசம் வளந்தா தானா போயிடற விஷயம் இல்ல, பெரியவங்களுக்கும் இருக்கும்"னு ஒரு வரி போட்டேன். அவ்ளோதான், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சின்னு இந்த தமிழ்நாடு-கேரளா பார்டர் பூராவும் இருந்து கடுதாசியும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்தையும் போட இடம் இல்ல, சிலத எடுத்திருக்கேன், அடையாளம் தெரியற மாதிரி இருந்ததெல்லாம் மாத்தியாச்சு. ஆட்டிசம்னா, மத்தவங்களோட பேசிப் பழகறது, சத்தம் வெளிச்சத்த தாங்கறது, இதெல்லாம் சின்ன வயசுல இருந்தே வேற மாதிரி அமைஞ்சிருக்கறது. முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லைங்க, ஸ்பெஷல் எஜுகேட்டரா பாலக்காட்டுலயும் கோயமுத்தூர்லயும் வேலை பாத்தவ. உங்களுக்கு ஆட்டிசம் இருக்கு, உங்களுக்கு இல்லைன்னு இங்க உக்காந்து தீர்ப்பு சொல்ற வேலைய நான் செய்ய மாட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு. வாளையாறு பக்கத்துல ஒரு எடை மேடைல வேலை. லாரி ஏறி நிக்கும், எடை பாத்து சீட்டு அடிச்சுக் குடுக்கணும். டிரைவர் மூஞ்சி எனக்கு ஞாபகமே இருக்காது, ஆனா வண்டி நம்பர சொன்னா போன தடவ காலி வண்டி எடை என்னன்னு சொல்லிடுவேன். சின்ன வயசுல இருந்தே "அவன் ஒரு மாதிரி"ன்னுதான் பேரு. போன் பண்றதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துப்பேன், எடுத்தவுடனே ஹலோ, அப்பறம் சாப்டாச்சான்னு கேக்கணும், அவங்க திருப்பிக் கேட்டா ஆச்சுன்னு சொல்லணும், அப்பறம்தான் விஷயத்துக்கு வரணும், நடுவுல அவங்க வேற ஏதாவது கேட்டுட்டா அவ்ளோதான் எல்லாம் கலஞ்சிரும். மாமனார் ஊர் நெம்மாறா, அங்க வேலாங்கற கோயில் திருவிழாவுக்கு போய் வெடிக்கட்டு, அதான் வாணவேடிக்கை, ஆரம்பிச்சதும் காதைப் பொத்திட்டு கார்ல போய் உக்காந்துட்டேன், மச்சினனுங்க இன்னைக்கும் அத சொல்லிச் சிரிப்பானுங்க. இன்டர்நெட்ல அந்த 50 கேள்வி டெஸ்ட் போட்டேன், 38 வந்துச்சு. ஒரு மனநல டாக்டர்கிட்டயும் போனேன், அவரு அஞ்சு நிமிஷத்துல, கல்யாணம் ஆயிருக்கு, வேலைக்குப் போறீங்க, என் கண்ணப் பாத்துத்தான பேசறீங்க, உங்களுக்கு ஏதுங்க ஆட்டிசம்னு அனுப்பிட்டாரு. நான் அவரு கண்ணப் பாக்கல, புருவ மத்தியப் பாத்தேன், அப்படிப் பழகிட்டேன். இன்னொண்ணு, மலையாளத்துல பேசும்போது எனக்கு கொஞ்சம் நிம்மதியா இருக்கு, ஏன்னு தெரியல. சர்டிபிகேட் இல்லாம நான் ஆட்டிஸ்டிக்னு நானே சொல்லிக்கிட்டா அது பொய்யா? பொண்டாட்டிகிட்ட சொல்லலாமா?

பதில்: தம்பி, உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன், அந்த புருவ மத்தி விஷயத்த அந்த டாக்டர்கிட்டயே சொல்லியிருக்கலாம்னு தோணுச்சு. அவரு சொன்ன மூணு காரணமும் காரணமே கிடையாது. கல்யாணம் ஆனவங்க, புள்ள பெத்தவங்க, பேங்க் மேனேஜரா இருக்கறவங்க, எல்லாருக்கும் ஆட்டிசம் இருக்கலாம். டாக்டருங்க வச்சுப் பாக்கற டிஎஸ்எம்-5ங்கற புத்தகம் 2013ல வந்துச்சு, அதுலயே எழுதியிருக்கு, அறிகுறி சின்ன வயசுல இருந்தே இருக்கணும், ஆனா வெளிய முழுசா தெரியாம இருக்கலாம், வாழ்க்கைல மத்தவங்க எதிர்பாக்கறது நம்ம தெம்புக்கு மேல போகும்போதுதான் தெரியும், இல்லைன்னா பழகிப் பழகி மறைக்கக் கத்துக்கிட்டதால மறைஞ்சும் போகலாம்னு. இந்த மறைக்கறதத்தான் இப்ப மாஸ்கிங்னு சொல்றாங்க. நீங்க போனுக்கு ஒத்திகை பாக்கறீங்களே, அதே ரகம்தான்.

உங்க காலத்தையும் நினைச்சுப் பாருங்க. நீங்க பொறந்த 80கள்ல ஆட்டிசம்னா பேச்சே வராத கொழந்தைன்னுதான் டாக்டருங்கள்லயே நெறைய பேரு நினைச்சாங்க. நல்லாப் பேசற, படிக்கற, ஆனா வேற மாதிரி இருக்கற ஆளுங்களுக்கு ஆஸ்பெர்கர்னு ஒரு பேரு அந்த டிஎஸ்எம் புத்தகத்துல ஏறினதே 1994ல, அப்ப நீங்க ஸ்கூல்ல உக்காந்திருக்கீங்க. அதுவும் நம்ம பக்கத்து கிராமத்து ஸ்கூல்ல யாரு வந்து உங்கள கண்டுபிடிச்சிருப்பா சொல்லுங்க, வாத்தியார் "தனியா இருப்பான், கணக்கு நல்லா போடுவான்"னு சொல்லிட்டுப் போயிருப்பாரு. அதனால 40 வயசுல ஒருத்தர் தன்னைத் தானே அடையாளம் கண்டுக்கறதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. அந்த தலைமுறைய யாரும் தேடவே இல்ல.

ஆனா அந்த 38 மார்க்க ரொம்ப இறுக்கிப் புடிச்சுக்காதீங்க. ஏக்யூங்கற அந்த டெஸ்ட 2001ல கேம்பிரிட்ஜ்ல சைமன் பேரன்-கோயன் குரூப் போட்டாங்க, 50 கேள்வி, 32ஓ அதுக்கு மேலயோ வந்தா மேற்கொண்டு பாக்கறது நல்லதுன்னு அர்த்தம், அதோட சரி. அவங்க பாத்ததுல ஆட்டிசம் உள்ளவங்கள்ல சுமார் 80 சதவீதம் பேரு 32ஓ அதுக்கு மேலயோ எடுத்தாங்க, மத்தவங்கள்ல 2 சதவீதம். ஆனா அது இங்கிலாந்துக்காரங்களுக்குன்னு எழுதின கேள்விங்க, பார்ட்டிக்குப் போவியா லைப்ரரிக்குப் போவியா, தியேட்டரா மியூசியமான்னு கேக்கும். கொழிஞ்சாம்பாறைல எங்க மியூசியம்? அதுல இன்னொரு கேள்வி, வண்டி நம்பர் பிளேட்ட எல்லாம் வழக்கமா கவனிப்பீங்களான்னு. உங்க பொழப்பே அதுதான், அந்த ஒரு மார்க்க கழிச்சுட்டே பாருங்க. ஜோக்குக்காகச் சொல்லல, மார்க்க விட அந்த மார்க் எதனால வந்துச்சுன்னு பாக்கறதுதான் முக்கியம்.

இப்ப மலையாளம் விஷயம். எனக்கு உங்க கடுதாசியிலயே அதுதான் ரொம்பப் புடிச்சுது. நம்ம பார்டர்ல இருக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும், அந்தப் பக்கம் போனா பாண்டிக்காரன், இந்தப் பக்கம் வந்தா மலையாளத்தான், ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளியாள்தான். நீங்க மலையாளத்துல பேசும்போது ஒரு வார்த்தை ஏடாகூடமா விழுந்தா, பதில் சொல்ல நேரமானா, ஒரு ஜோக் புரியலைன்னா, எதிர்ல இருக்கறவன் "தமிழன், பாஷை அவ்ளோ வராது"ன்னு தானா மன்னிச்சுடுவான். தமிழ்ல அந்த மன்னிப்பு கிடைக்காது, நம்மாளுன்னு நினைக்கறதால எல்லாம் சரியாச் செய்யணும்னு எதிர்பாப்பான். அதான் உங்களுக்கு அங்க நிம்மதி. இப்ப இதையே திருப்பிப் போட்டும் பாக்கணும். ஒருவேளை ரெண்டு பாஷைக்கு நடுவுல வளந்ததாலதான் எனக்கு எங்கயும் ஒட்டலையோன்னு உங்களுக்கே ஒரு சந்தேகம் வரலாம். அதுக்கு ஒரு வழி இருக்கு. உங்க வீட்ல, உங்க தெருவுல, சுத்தி எல்லாரும் தமிழ்தான் பேசற எடத்துல, நாலஞ்சு வயசுல நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்க அம்மாகிட்டயோ அக்காகிட்டயோ கேளுங்க. எதை அடுக்கி வச்சு வெளையாடினீங்க, எந்தத் துணிய போட மாட்டேன்னு அழுதீங்க, கூப்பிட்டா திரும்பிப் பாத்தீங்களா, கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா என்ன ஆச்சு. பதில் அங்க இருக்கும்.

கூட்டத்த கண்டா பயம்ங்கறதுக்கும் ஆட்டிசத்துக்கும் ஒரு வித்தியாசம் சொல்றேன், முழு விடை இல்ல, ஆனா உதவும். பயம் இருக்கறவங்களுக்கு என்ன செய்யணும்னு பெரும்பாலும் தெரியும், செஞ்சா நாலு பேரு என்ன நினைப்பாங்களோன்னுதான் நடுக்கம். ஆட்டிசத்துல என்ன எதிர்பாக்கறாங்கன்னே பல சமயம் புடிபடாது. அது போக, ஆளுங்களே இல்லாத எடத்துலயும் ஆட்டிசம் இருக்கும். வீட்ல யாரும் இல்ல, நீங்க மட்டும், ட்யூப் லைட்டு சோக் உய்ங்னு கத்தறது உங்கள படுத்துதா? சட்டை காலர் பின்னாடி இருக்கற லேபிள வெட்டி எறிஞ்சாத்தான் போடுவீங்களா? தினமும் போற ரோட்ட மூடிட்டா அன்னைக்கு பூரா மண்டை காயுதா? இதுக்கெல்லாம் ஆமான்னா அது வெறும் கூச்சம்னு சொல்ல முடியாது. ரெண்டும் சேந்தும் இருக்கலாம், அதுவும் சகஜம்தான், வருஷக்கணக்கா கேலி பண்ணினா யாருக்குத்தான் பயம் வராது.

பொய்யான்னு கேட்டீங்க. இல்ல தம்பி. "எனக்கு ஆட்டிசம்னு நான் நினைக்கிறேன், டாக்டர் இன்னும் உறுதி பண்ணல"ன்னு சொல்றதுல ஒரு சொட்டுப் பொய் கிடையாது. உங்க வாழ்க்கைய நீங்க புரிஞ்சுக்கறதுக்கு யாரோட ரப்பர் ஸ்டாம்பும் வேண்டாம். ஸ்டாம்ப் வேணுங்கறது வேற எடத்துல. மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 2016, அதுல 21 வகை குறைபாடு இருக்கு, ஆட்டிசமும் ஒண்ணு. யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டு, அரசு வேலை இடஒதுக்கீடு, வருமான வரில மாற்றுத்திறனாளிக்கான கழிவு, இதுக்கெல்லாம் மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் கண்டிப்பா வேணும், இடஒதுக்கீட்டுக்கும் வரிக்கும் குறைபாடு 40 சதவீதமாவது இருக்கணும். நம்ம நாட்ல அதுக்கு ஐசான்னு ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, 40 கேள்வி, மொத்த மார்க் 70க்குக் கீழ வந்தா ஆட்டிசம் இல்லைன்னு கணக்கு. அந்தக் கேள்விங்கள படிச்சுப் பாத்தா தெரியும், பெரும்பாலும் கொழந்தைங்கள மனசுல வச்சு எழுதினது. உங்கள மாதிரி வேலைக்குப் போய் குடும்பம் நடத்தற ஆளு அதுல 70 தொடாமப் போகலாம். அப்படி ஆனா உங்களுக்கு சர்டிபிகேட் கிடைக்கலன்னுதான் அர்த்தம், நீங்க உங்களப் பத்திப் புரிஞ்சுக்கிட்டது எல்லாம் தப்புன்னு ஆயிடாது. அதனால முதல்ல எதுக்கு பேப்பர் வேணும்னு யோசிங்க. எதுக்கும் வேண்டாம்னா அதுக்காக அலையாதீங்க.

"இல்லக்கா, எனக்கு சந்தேகம் தீரணும்"னு நினைச்சீங்கன்னா, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பெரியவங்களுக்கு ஆட்டிசம் பாத்துப் பழக்கம் உள்ளவங்களா, அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேட்டுட்டுப் போங்க. நம்ம பக்கத்துல கொழந்தைங்களுக்குத்தான் சென்டர் மேல சென்டரா இருக்கு, பெரியவங்களப் பாக்கறவங்க ரொம்பக் கம்மி. மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுல கேக்கலாம், பெங்களூர் நிம்ஹான்ஸ் வரைக்கும் போறவங்களும் உண்டு. போகும்போது 38 மார்க்க கொண்டு போகாதீங்க. அம்மாவையோ அக்காவையோ கூட்டிட்டுப் போங்க, பழைய ஸ்கூல் ரிப்போர்ட் இருந்தா எடுத்துக்கங்க, அந்த போன் ஒத்திகைய எழுதினீங்களே அதே மாதிரி பத்துப் பதினஞ்சு விஷயத்த ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க. அவங்க முழுசாப் பாத்துட்டு இது ஆட்டிசம் இல்ல, ஏடிஹெச்டி (கவனம் ஒரு எடத்துல நிக்காத பிரச்சனை), இல்லைன்னா வேற ஒண்ணுன்னு சொன்னா அதையும் காது குடுத்துக் கேளுங்க. அஞ்சு நிமிஷத்துல சொல்றதுக்கும் ரெண்டு மூணு சிட்டிங் உக்காந்து சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல.

வீட்ல சொல்லுங்க, ஆனா பேரச் சொல்லி ஆரம்பிக்காதீங்க. "எனக்கு ஆட்டிசம்"னு சொன்னா அவங்களுக்கு டிவில பாத்த ஏதோ ஒரு கொழந்தைதான் கண்ணுல வரும், பயந்துடுவாங்க, அடுத்த நிமிஷம் அவங்க அம்மாவுக்கு போன் போகும். அந்த வேலா திருவிழால இருந்து ஆரம்பிங்க. அந்தச் சத்தம் எனக்குள்ள என்ன பண்ணுது, நான் பயந்தாங்கொள்ளிங்கறதால ஓடல, அடுத்த வருஷம் காலைல வந்து யானை, பஞ்சவாத்தியம் எல்லாம் பாத்துட்டு வெடிக்கட்டுக்கு முன்னாடி கிளம்பிடறேன், இல்ல மெடிக்கல் ஷாப்ல விக்கற அந்த பஞ்சு மாதிரி இயர் பிளக் போட்டுக்கறேன்னு சொல்லுங்க. ஒரு கூத்தப் பாருங்க, ஐநா சபை ஆட்டிசம் விழிப்புணர்வு நாள்னு வச்சிருக்கறது ஏப்ரல் 2, நெம்மாறா வல்லங்கி வேலா மீன மாசம் 20ந் தேதி, அதுவும் ஏப்ரல் 2, 3 வாக்குலதான் வரும். யாரு கணக்குப் போட்டாங்களோ.

கேள்வி: வணக்கம் மேம். நான் பாலக்காட்டு சித்தூர் பக்கம், பிஎஸ்சி ரெண்டாவது வருஷம், வயசு 20. ரீல்ஸ்ல ஆட்டிஸ்டிக் பொண்ணுங்க பேசறத பாத்துட்டு அப்படியே அழுதுட்டேன், எல்லாம் என்னைப் பத்திதான் சொல்றாங்க. கிளாஸ்ல சிரிச்சுப் பேசிட்டு ரூமுக்கு வந்தா மூணு மணி நேரம் யார்கிட்டயும் பேச முடியாது, லைட்ட ஆஃப் பண்ணிட்டு படுத்துக்குவேன். அம்மாகிட்ட சொன்னா "போன புடுங்கி வச்சா எல்லாம் சரியாயிடும்"ங்கறாங்க. இப்ப காலேஜுக்கே போகப் புடிக்கல.

பதில்: கண்ணு, உங்க அம்மா சொல்றதுல ஒரு பாதிய மட்டும் எடுத்துக்கலாம். ரீல்ஸ் ஒண்ணு பாத்தா அதே மாதிரி நூறு வரும், அது உனக்குப் புடிச்சத காட்டிக்கிட்டே இருக்கற மெஷின், உனக்கு என்ன இருக்குன்னு பாக்கற மெஷின் கிடையாது. அதுல வர்ற பாதி விஷயம், சோர்வா இருக்கு, கூட்டம் புடிக்கல, ஒரே பாட்ட திருப்பித் திருப்பிக் கேக்கறேன், இதெல்லாம் யாருக்கு வேணா இருக்கும். மத்தபடி அம்மா சொல்றது தப்பு. பொண்ணுங்களுக்கு ஆட்டிசம் கண்டுபிடிக்கறது லேட்டாகறது டாக்டருங்களே ஒத்துக்கற விஷயம். ஆரம்பத்துல இருந்தே பசங்கள வச்சுத்தான் அதிகமா ஆராய்ச்சி பண்ணாங்க, பொண்ணுங்க கூட இருக்கற பொண்ணுங்களப் பாத்து அதே மாதிரி சிரிக்க, தலையாட்ட கத்துக்கிடறாங்க, அமைதியான பொண்ணு, அடக்கமான பொண்ணுன்னு ஊரு பாராட்டிட்டு விட்டுடுது. நம்ம ஊர்ல அடக்கத்துக்கு மார்க் போட்டே எத்தனையோ பொண்ணுங்களோட கஷ்டத்த மறைச்சுட்டாங்க.

ஆனா எனக்கு இப்ப உன் கடுதாசியோட கடைசி வரிதான் கவலையா இருக்கு. காலேஜ் போகப் புடிக்கலங்கறது எப்ப இருந்து? சின்ன வயசுல இருந்தே இந்த அலுப்பு இருந்து இப்ப கூடியிருக்கா, இல்ல இந்த ஒரு வருஷமாத்தான் புதுசா வந்துச்சா? புதுசா வந்துச்சுன்னா அது டிப்ரஷனா இருக்கலாம், தைராய்டு, ரத்த சோகை கூட ஆள இப்படிப் படுக்க வச்சுடும், ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துடு. 14416னு டெலி மானஸ்ங்கற மனநல உதவி நம்பர், அரசாங்கத்தோடது, காசு இல்ல, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். அங்க ஆட்டிசம் இருக்கா இல்லையான்னு சொல்ல மாட்டாங்க, ஆனா இன்னைக்கு ராத்திரி உனக்குத் தாங்க முடியலைன்னா பேச ஆள் இருக்கும், அடுத்து யாரப் பாக்கணும்னு சொல்வாங்க. ஆட்டிசமான்னு நிதானமாப் பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடாது. அதுவரைக்கும் லன்ச் நேரத்துல கேன்டீனுக்குப் போகாம லைப்ரரில உக்காந்துக்கோ, ஒரு நாளைக்கு நடுவுல அரை மணி நேரம் சத்தம் இல்லாம இருந்தாலே சாயங்காலம் அந்த மூணு மணி நேரம் குறையுதான்னு பாரு. குறைஞ்சா அதையும் ஒரு பேப்பர்ல குறிச்சு வை, பின்னாடி டாக்டர்கிட்ட சொல்ல உதவும். அம்மாகிட்ட சண்டை போடாத, நீ ரெண்டு மூணு வயசுல எப்படி இருந்தேன்னு அவங்களத்தான் கேட்டாகணும், அவங்க உன் கட்சில இருக்கணும்.

கேள்வி: மேடம், கோபாலபுரத்துல இருந்து எழுதறேன். என் மகனுக்கு 19 வயசு. பேச்சு கிடையாது. பாத்ரூமுக்கு நான்தான் கூட்டிட்டுப் போகணும், கோபம் வந்தா தலைய செவுத்துல முட்டிக்குவான், நானும் என் சம்சாரமும் ஒரு கல்யாணத்துக்கு ஒண்ணா போனதில்ல. இப்ப பாத்தா நல்லா படிச்சு சம்பாதிச்சு இங்கிலீஷ்ல பேசறவங்கல்லாம் எனக்கும் ஆட்டிசம்ங்கறாங்க. டாக்டர் கூட பாக்கலையாம், அவங்களே சொல்லிக்கறாங்களாம். எங்களக் கேலி பண்ற மாதிரி இருக்கு. நீங்களும் அதுக்கு ஒத்து ஊதறீங்களா?

பதில்: அண்ணா, உங்க கோபம் நியாயமானது, நான் சமாதானப்படுத்த வரல. பேனாவ கிளிக் கிளிக்னு அமுக்கினா ஆட்டிசம், சாப்பாட்டுல குழம்பும் பொரியலும் ஒட்டக்கூடாதுன்னா ஆட்டிசம்னு வீடியோ போடறவங்கள பாத்தா எனக்கும் எரியுது. அத பாக்கற சனங்களுக்கு ஆட்டிசம்னா ஏதோ ஒரு வேடிக்கையான குணம்னு ஆயிடுது, அப்பறம் உங்க பையன பஸ்ல பாத்தா மூஞ்சிய திருப்பிக்கறாங்க.

ஆனா ஒண்ணு, ஆட்டிசம்ங்கற குடைய இவ்ளோ பெருசா விரிச்சது அந்தப் படிச்சவங்க இல்லைங்க, டாக்டருங்கதான். 1943ல அமெரிக்காவுல லியோ கேனர் 11 கொழந்தைங்களப் பத்தி எழுதினாரு, அதுல சில கொழந்தைங்களுக்கு பேச்சே இல்ல. அடுத்த வருஷமே வியன்னாவுல ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நல்லாப் பேசற பசங்களப் பத்தி எழுதினாரு, ஜெர்மன்ல எழுதினதால வெளில ரொம்ப பேருக்குத் தெரியல. 1981ல லோர்னா விங்னு லண்டன் டாக்டரம்மா அத எடுத்து வெளிச்சத்துக்கு கொண்டு வந்தாங்க, அவங்க சும்மா ஆராய்ச்சி பண்ண வந்தவங்க இல்ல, அவங்க மகளுக்கே ஆட்டிசம், உங்கள மாதிரி வீட்ல பாத்தவங்க. ரெண்டும் ஒரே வரிசைல இருக்கற விஷயம்னு அவங்க சொன்னாங்க, 2013ல அந்த டிஎஸ்எம்-5 புத்தகத்துல எல்லாத்தையும் ஆட்டிசம்ங்கற ஒரே பேருக்குக் கீழ போட்டுட்டாங்க. அது சரியான்னு டாக்டருங்களுக்குள்ளயே சண்டை நடக்குது. உங்க மகன் மாதிரி 24 மணி நேரமும் ஒரு ஆளு கூட இருக்க வேண்டியவங்களுக்கு ப்ரொஃபவுண்ட் ஆட்டிசம்னு தனியா சொல்லணும்னு 2021ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட கமிஷன் எழுதுச்சு, எல்லாரும் ஒத்துக்கல. எனக்கென்னவோ தனியா ஒரு பேரு இருந்தா நல்லதுன்னுதான் தோணுது, ஏன்னா பேரு ஒண்ணா இருந்தா தேவையும் ஒண்ணுதான்னு ஆபீஸ்ல உக்காந்திருக்கறவன் நினைச்சுக்கறான்.

அந்த எடை மேடை தம்பி உங்க மகனுக்குச் சேர வேண்டியது எதையும் எடுத்துக்கல. பென்ஷன், கார்டு, சலுகை எல்லாத்துக்கும் போர்டு சர்டிபிகேட் வேணும், தனக்குத் தானே சொல்லிக்கறவங்களுக்கு அரசாங்கம் அஞ்சு பைசா குடுக்காது. இத்தன வருஷம் நான் ஏன் இப்படி இருக்கேன்னு மண்டைய ஒடச்சுக்கிட்ட ஒருத்தருக்கு ஒரு விளக்கம் கிடைச்சிருக்கு, அவ்ளோதான்.

உங்ககிட்ட நான் வேற ஒண்ணு கேக்கணும். பையனுக்கு 18 முடிஞ்சிருச்சே, சட்டப்படி கார்டியன் ஆயிட்டீங்களா? நெறைய அப்பா அம்மாவுக்கு இது தெரியாது, 18 ஆனதும் அவன் சட்டத்துக்கு மேஜர், பேங்க் அக்கவுண்ட், சொத்து, ஆஸ்பத்திரில கையெழுத்து எல்லாத்துக்கும் பெத்தவங்கங்கறது மட்டும் போதாதுன்னு சொல்லிடலாம். நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999ன்னு ஒண்ணு, ஆட்டிசம் அதுல வருது, கலெக்டர் தலைமைல லோக்கல் லெவல் கமிட்டி இருக்கும், அங்க அப்ளிகேஷன் குடுத்து உங்களயோ உங்க சம்சாரத்தையோ கார்டியனா போட்டுக்கலாம், கோர்ட்டு கேஸ்னு அலைய வேண்டியதில்ல. நம்ம ஊருக்கு ஒரு சிக்கல், உங்க வீடு ரோட்டுக்கு எந்தப் பக்கம்? கேரளா அட்ரஸ்னா பாலக்காடு கலெக்டர் ஆபீஸ், தமிழ்நாடுன்னா கோயமுத்தூர். ஆதார் ஒரு பக்கமும் ரேஷன் கார்டு ஒரு பக்கமுமா இருந்தா முதல்ல அத சரி பண்ணிடுங்க, அங்கதான் நம்மாளுங்க நெறைய பேரு மாட்டிக்கறாங்க. அதே டிரஸ்ட்ல நிராமயான்னு ஹெல்த் இன்சூரன்ஸ், வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், அதையும் கேளுங்க. தலைய முட்டிக்கறது புதுசாக் கூடியிருந்தா பல்லு வலி, காது வலி, மலச்சிக்கல் இருக்கான்னு ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க, சொல்லத் தெரியாத புள்ளைக்கு வலி அப்படித்தான் வெளிய வரும்.

கேள்வி: ஸ்கேன் எடுத்தா, ரத்த டெஸ்ட் எடுத்தா ஆட்டிசம் இருக்கான்னு தெரியுமா? ஒரு சென்டர்ல மூளை மேப்பிங்னு பல ஆயிரம் கேக்கறாங்க.

பதில்: தெரியாது. ஆட்டிசம் இருக்குன்னு சொல்ற ஸ்கேனோ ரத்த டெஸ்ட்டோ இன்னைக்குத் தேதிக்கு இல்ல. பேசிப் பாத்து, நடந்துக்கறத பாத்து, சின்ன வயசுக் கதைய கேட்டுத்தான் சொல்றாங்க. கூட வலிப்பு இருந்தா மூளையோட மின்துடிப்ப பாக்கற ஈஈஜி எடுப்பாங்க, சில சமயம் ஜெனடிக் டெஸ்ட் எழுதுவாங்க, அதுக்குக் காரணம் வேற. பணத்த பத்திரமா வச்சுக்கங்க.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் ஆறு மாசமா தனக்கு ஆட்டிசம்ங்கறாரு. டாக்டர்கிட்ட போகல, படிச்சே கண்டுபிடிச்சாராம். இருக்கலாம், நானும் பதினஞ்சு வருஷமா பாத்துட்டுத்தான இருக்கேன், பல விஷயம் இப்பத்தான் எனக்கும் புரியுது. ஆனா இப்ப எதுக்கெடுத்தாலும் அதையே சொல்றாரு. எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வர மாட்டாராம், சத்தம். பாத்திரம் கழுவ மாட்டாராம், சத்தம். பையன் ஹோம்வொர்க் பாக்க மாட்டாராம், அவன் தப்பு தப்பா போட்டா டென்ஷன் ஆகுதாம். நான் எதுவும் சொல்லக் கூடாதா?

பதில்: சொல்லுங்கம்மா, தாராளமாச் சொல்லுங்க. சத்தம் தாங்காதுங்கறது உண்மையாவே இருக்கும், சில்வர் தட்டு ஒண்ணோட ஒண்ணு மோதற சத்தம் சிலருக்கு பல்லுல கம்பி வச்சு இழுக்கற மாதிரி, நான் பாத்திருக்கேன். ஆனா ஒரு வேலைய செய்ய முடியாதுன்னா அதுக்கு பதிலா இன்னொரு வேலை இருக்கணும்ல. பாத்திரம் முடியலையா, துணி மடிக்கட்டும், ரேஷன் கடைக்குப் போகட்டும், கரண்ட் பில்லு கேஸ் புக்கிங் எல்லாம் அவரு பொறுப்புன்னு எழுதிக் குடுத்துடுங்க. நிஜமாவே எழுதிக் குடுங்க, வாயில சொன்னா பாதி போகும், ஒரு பேப்பர்ல என்னைக்கு என்ன வேலைன்னு போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, ஆட்டிசம் இருக்கறவங்கள்ல நெறைய பேருக்கு அது திட்டு மாதிரி இருக்காது, நிம்மதியா இருக்கும். ஜாடையாச் சொல்லி, மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு, அவரே புரிஞ்சுக்கணும்னு காத்திருக்கற வேலை மட்டும் வேண்டாம், அது இந்த மாதிரி ஆளுங்ககிட்ட நடக்காது.

அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் வரட்டும், ஸ்பீக்கர் பக்கத்துல உக்கார வேண்டாம், முதல் பந்தில சாப்ட்டு கிளம்பட்டும், நீங்க இருந்துட்டு சாவகாசமா வாங்க. உங்க அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க, வந்துட்டு சீக்கிரம் போறதுக்கும் வராமயே இருக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு அண்ணிக்குத் தெரியும். ஹோம்வொர்க்க நீங்க பாருங்க, ஆனா அந்த அரை மணி நேரம் சோத்துக்கு அடுப்படில அவரு நிக்கணும். மிக்ஸி போடற வேலை மட்டும் உங்களுக்கு விட்டு வைக்கட்டும்.